கரண்டி சாய்ந்த களி

அக்காவைக் கட்டின எங்கடை அத்தானுக்கு ஒரு கொள்கை இருந்தது. குரக்கன் எண்ட கேழ்வரகிலை கிண்டின களி எண்டால் நடுவிலை குத்தின கரண்டி சாயாமல் நிக்கோணும். சாய்ஞ்சால் அது களியில்லை, கழுநீர். நீர்வேலியிலை வாழைத்தோட்டமும் நெல்வயலும் செய்த மனிசன். விடியக் களி திண்டுபோட்டு மண்வெட்டியைத் தூக்கினால் மத்தியானம் வரைக்கும் நிமிரமாட்டார். அந்தக் களியைத்தான் ஒரு வயசும் நிரம்பாத தன்ரை பிள்ளைக்கும் வாயிலை தீத்தினார்.

சண்டையாலை பாதை பூட்டி, வெளியிலையிருந்து சாமான் வராத வருசங்கள் அவை. பால்மாப் பேணியைக் கண்ணாலை காண்கிறதே அருமை. அக்காவுக்குப் பாலும் குறைஞ்சு போச்சு. வயித்தாலை போய்ச் சுகமான பிறகு பிள்ளை தேறவே இல்லை. இடுப்பிலை கட்டின கறுப்பு அரைஞாண் கயிறு தொடை வரைக்கும் வழுகும். அக்கா அதை மேலை இழுத்து விடுவா, அது திரும்ப வழுகும். வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி அம்மா பிள்ளையைத் தராசிலை தொங்கவிட்டுப் பார்த்துப்போட்டு, "அடுத்த முறையும் நிறை ஏறாட்டி ஆசுப்பத்திரியிலை வைக்க வேண்டி வரும்" எண்டு சொன்னா. அந்த நேரம் ஆசுப்பத்திரியிலை மட்டும் என்ன கிடந்தது? அக்கா அண்டைக்கு முழுக்கச் சாப்பிடேல்லை.

நான் அப்ப பள்ளிக்கூடத்திலை மனையியல் படிப்பிச்சனான். ஆரும் "சமையல் ரீச்சர்" எண்டால் கடிச்சு விழுவன். கேக் அடிக்கவும் பூப்பின்னவும் பழக்கிற ஆள் எண்டுதான் ஊர் நினைப்பு. கணக்கு ரீச்சர் வந்தால் எழும்பி நிக்கிற சனம் என்னட்டை வடைக்குப் பதம் கேக்கும். அத்தானும் அந்தக் கட்சிதான்.

ஒரு சனிக்கிழமை அங்கை போய்ப் பக்கத்திலை இருந்து பார்த்தன். பிள்ளை ஆசையாய் வாயைத் திறந்து வாங்குறான். நாலைஞ்சு வாய் போனதும் முகத்தைத் திருப்பிப்போட்டான்.

"பாரும், இதுதான் இவன்ரை அடம்" எண்டார் அத்தான்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிச்சுது. "அடமில்லை அத்தான்! அவன்ரை வயிறு எவ்வளவு? அவன் பொத்தின கையளவு. மா வேகேக்கை தண்ணியை உறிஞ்சி ஊதும். நீங்கள் தீத்துறது மாவில்லை, முக்கால்வாசியும் தண்ணி. அது வயித்தை நிரப்பிப்போட்டுச் சும்மா இருக்கு."

"கரண்டி நிக்குது. உமக்குத் தண்ணியாத் தெரியுதோ?"

"இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டு இளக்கட்டோ?" எண்டு அக்கா கேட்டா. பாவம், அவவும் என்ன செய்யிறது? இளக்கினால் பிள்ளை லேசாய் விழுங்குவான், ஆனால் உள்ளை போற மா இன்னும் குறையும். அந்தச் சிக்கலுக்குத்தான் வழி வேணும்.

வழி எனக்குத் தெரியும். வீட்டை போய்க் குரக்கனை ஊறப்போட்டு, ஈரச்சீலையிலை கட்டி வைச்சன். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் வெயிலிலை காயவிட்டு, முளையை உள்ளங்கையாலை உரோஞ்சித் தட்டிப்போட்டு, வறுக்காமல் திரிகையிலை அரைச்சன். ஒரு சின்னப் போத்தில் மாதான் தேறிச்சுது. அதைக் கொண்டு அக்கா வீட்டை போனன்.

"முளைச்ச தானியத்தைக் கோழிக்கெல்லோ போடுறது?" எண்ட அத்தான், நான் வாய் திறக்க முதலே அதிலை ஒரு கரண்டி அள்ளிக் கொதிக்கிற களியிலை கொட்டிப்போட்டார். ஒண்டும் நடக்கேல்லை. கரண்டி அசையாமல் நிண்டுது. "எங்கை ரீச்சர் உம்மடை மந்திரம்?" எண்டு குசினி அதிரச் சிரிச்சார்.

"கொதியிலை போட்டால் அது செத்துப்போம்! எடுங்கோ கையை அங்காலை!"

அத்தானை நான் அதட்டினது அதுதான் முதல்தரம். மனிசன் உண்மையாவே கையை எடுத்திட்டார்.

அதே சட்டி, அதே அளவு தண்ணி. மா மட்டும் இரண்டு மடங்கு போட்டன், வறுத்த பயறு மாவும் சேர்த்து. அகப்பையைப் பிரட்ட ஏலாமல் இறுகிச்சுது. அத்தானுக்கு நல்ல சந்தோசம். இறக்கி வைச்சு, விரல்நுனியை வைச்ச உடனை எடுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, முளைமாவைத் தூவிக் கிண்டினன். கிண்டக் கிண்ட அகப்பை இலகுவாய்ச் சுழண்டுது. கரண்டியைக் குத்தினன். மெல்லச் சாய்ஞ்சு சட்டி விளிம்பிலை போய்ப் படுத்திட்டுது.

"ஐயோ, தண்ணியாப் போச்சு! பெலனெல்லாம் போச்சு!" எண்டார் அத்தான்.

"எங்கை போச்சு? நான் ஒரு சொட்டுத் தண்ணி விட்டனானோ? சட்டிக்கு ஓட்டையோ?"

நம்பமாட்டியள், சட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"விதை முளைக்கேக்கை தன்ரை குருத்துக்குத் தீன் குடுக்க ஒரு நொதியத்தை உண்டாக்கும் அத்தான். அது மாப்பொருளைச் சின்னச் சின்னனா வெட்டும். மா முழுக்க உள்ளைதான் கிடக்கு, வீக்கம் மட்டும்தான் வத்தினது. இரண்டு நேரச் சாப்பாடு இந்த ஒரு சட்டிக்கை இருக்கு."

அத்தான் விரலாலை தொட்டு நக்கிப் பார்த்தார். "இனிக்குதே! சீனி போட்டனீரோ?"

"இந்தக் காலத்திலை சீனிக்கு நான் எங்கை போறது? வெட்டுப்பட்ட மாதான் இனிக்குது."

திரும்ப ஒரு கொதி வரவிட்டு, தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டு, ஆறினதும் அக்கா தீத்தினா. பிள்ளை முகத்தைத் திருப்பேல்லை. கோப்பை வழிச்சு முடிஞ்ச பிறகும் கரண்டியை எட்டிப் பிடிச்சான். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதுக்கு முன்னாலை எந்தப் பட்டமும் நிக்காது.

அதுக்குப் பிறகு குரக்கன் ஊறப்போடுறது அத்தான்ரை வேலையாய்ப் போச்சு. நெல்லு முளை கட்டுற கைக்கு அதென்ன பாரமோ? பக்கத்துத் தோட்டக்காரருக்கு, "கொதியிலை போட்டியோ, செத்துப்போம்!" எண்டு தானே கண்டுபிடிச்ச மாதிரிக் கத்துவார். எனக்கு உள்ளுக்கை ஒரே சந்தோசப் புழுகம்.

மருத்துவிச்சி அம்மா திரும்ப வாற நாள் எனக்குப் பள்ளிக்கூடம். பாடம் நடத்திறன், மனம் முழுக்க அந்தத் தராசிலை. இடைவேளைக்கு அத்தான் வியர்க்க விறுவிறுக்கச் சைக்கிளிலை வந்து இறங்கினார். நான் வாசலுக்கு ஓடினன். பொத்தின கையை விரிச்சுக் காட்டினார். வெட்டின அரைஞாண் கயிறு.

"இடுப்பிலை இறுகித் தடம் போட்டிட்டுது, வெட்டிப்போட்டம்" எண்டார். கணக்கு ரீச்சரும் பக்கத்திலை கேட்டுக்கொண்டு நிண்டா. "புதுக் கயிறு நீர்தான் வந்து கட்டோணும் எண்டு அக்கா சொல்லிவிட்டவ. கொஞ்சம் தளர்வாய்க் கட்டும் ரீச்சர். அவன் இன்னும் உடம்பு வைப்பான்."