ஈறு நிறப் பிடி

பல்லக்கா யாரிடம் பேசினாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். கண்ணைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். "இடது பக்கம் மெல்றதே இல்ல போல?" என்று தக்காளிக்காரரிடம் கேட்பார். அந்த மனிதர் கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசிப்பதற்குள் கொசுறாக இரண்டு பழம் பைக்குள் போயிருக்கும்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடி வீடு அவருடையது. இருபத்திரண்டு வருடமாக ஒரு பல் பட்டறையில் பல்செட்டு செய்கிறார். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, பல் பதித்து, வேகவைத்து, மெருகேற்றி அனுப்புவது அவர் வேலை. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

ஏழு மாதத்துக்கு முன் மெருகு மோட்டார் அவருடைய கைத்துண்டைச் சுற்றி இழுத்தது. துண்டோடு வலது கையும் உள்ளே இழுபட்டது. நசுங்கிய ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பிழைத்துவிட்டன. ஆனால் மடங்குவதில்லை. "ரெண்டும் வேலைநிறுத்தத்துல இருக்கு" என்பார். முதலாளி கெட்டவர் இல்லை. சம்பளத்தைக் குறைக்காமல் வாசல் மேசையில் உட்கார வைத்து, தொலைபேசி எடுக்கச் சொன்னார். "பாவம், நிம்மதியா உக்காரும்மா" என்றார்.

"பாவம்னு எவனாவது சொன்னா எனக்குப் பல்லு கூசுது" என்று பல்லக்கா எங்கள் படிக்கட்டில் நின்று சொன்னது மூன்று வீட்டுக்குக் கேட்டது.

போன மாதத் தொடக்கத்தில் அவர் தன் பழைய மேசையைத் திருப்பிக் கேட்டார். முதலாளி தலையைச் சொறிந்தார். அடுத்த ஒன்றாம் தேதி அந்த மேசைக்குப் புது ஆள் வருவதாக முடிவாகியிருந்தது. "நோயாளி பல்லுல பரீட்சை வேணாம்மா. வேற ஏதாவது ஒண்ணு உன் கையால முழுசா முடிச்சுக் கொண்டா. மாசக் கடைசிக்குள்ள. அப்புறம் பேசலாம்" என்றார். தட்டிக்கழிக்கத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பல்லக்கா அதைக் கெடுவாக எடுத்துக்கொண்டு, அன்று மாலையே பழைய சாமான் சந்தைக்குப் போனார்.

வாங்கி வந்தது ஒரு கத்தி. காட்டில் கூடாரம் போடுகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொள்வார்களே, அந்த மாதிரி மடங்காத கத்தி. முனை உடைந்திருந்தது. முதுகில் யாரோ சுத்தியலால் அடித்து அடித்து இரும்பு காளான் போலப் பிதுங்கியிருந்தது. வாய் முழுக்கப் பொக்கை. இரண்டாகப் பிளந்த பிடியைக் கறுப்பு டேப் சுற்றித்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் கணவர், லாரி ஓட்டுபவர், அதை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார்.

"நல்லதா ஒண்ணு கிடைக்கலையா?"

"நல்லதை எடுத்தா முதலாளி, முன்னாடியே நல்லாத்தான இருந்துச்சும்பாரு. குவியலைக் கிளறி இருக்கிறதுலயே கேவலமானதா எடுத்தேன்."

கத்தியை விளக்கின் கீழே பிடித்து, நோயாளியிடம் பேசுவது போலவே பேசினார். "பெயின்ட் டப்பா திறந்திருக்கானுங்க. திருகாணி கழட்டியிருக்கானுங்க. கடிக்கக் கூடாததையெல்லாம் கடிக்க வெச்சிருக்கானுங்க உன்னை."

துருவைச் சுரண்டி எடுத்த மறுநாள்தான் அந்தத் தவறு நடந்தது. பல்செட்டுக்குப் போடும் உலோகத் தகடு மோட்டாரில் எவ்வளவு சூடானாலும் குணம் மாறாது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். கத்தியையும் அப்படியே வீட்டில் வைத்திருந்த சின்ன மெருகு மோட்டாரில் கொடுத்து உடைந்த முனையைச் சரிசெய்தார். முனை அழகாகக் கூர்மையானது. கூடவே மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலம் ஓடியது. அதை ரசித்து, கீழே லேத்துப் பட்டறைக்காரரிடம் காட்டினார்.

அவர் உச்சுக்கொட்டினார். "நீலம் ஏறிடுச்சா? பதம் போச்சுக்கா. இனிமே அந்த இடம் வெறும் தகரம். தூக்கிப் போட்டுட்டு வேற பாருங்க."

"எது வரைக்கும் போச்சு?"

"நீலம் எது வரைக்குமோ, அதுக்கும் மேல கொஞ்சம்."

"அப்ப மீதி உயிரோட இருக்கில்ல? சொத்தைன்னா சொத்தையை மட்டும்தான் எடுக்கணும். தாடையையா கழட்டுவீங்க?"

மோட்டாரைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். தீட்டுக்கல்லும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்து வந்து பால்கனியில் உட்கார்ந்தார். பதினோரு நாள், வேலை முடிந்து வந்ததும் அதே இடம். சரக், சரக் என்ற சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. முதல் இரண்டு நாள் கத்தி கையை விட்டு நழுவி நழுவி விழுந்தது. மூன்றாம் நாள், மடங்காத இரண்டு விரலையும் கத்தியின் மேல் நீட்டிப் பாரமாக அழுத்திக்கொண்டு, கட்டை விரலாலும் மோதிர விரலாலும் சுண்டு விரலாலும் பிடிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். "மத்த மூணு விரலும் சும்மாவா சோறு தின்னுது?" என்றார். கத்தி ஒன்றரை அங்குலம் குட்டையானது. நீலம் போயே போய்விட்டது.

பிடிக்கு மரம் தருவதாக லேத்துக்காரர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டார். கத்தியின் பிடி செருகும் வாலில் மெழுகை உருட்டி வைத்து, வலது கையால் இறுகப் பிடித்தார். உள்ளங்கையின் குழி, மூன்று விரலின் அழுத்தம், நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு விரலுக்கான நேர்ப்பள்ளம் எல்லாம் மெழுகில் பதிந்தன. தகர டப்பாவில் பல் அச்சு மாவைக் கரைத்து ஊற்றி அச்செடுத்து, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, ஈறுக்குப் போடும் பிசினை அடைத்து, அடுப்பில் வேகவைத்தார். கொதிக்கிற தண்ணீருக்குப் பதம் போகாது என்பதை இந்தத் தடவை முன்னாடியே கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்தது ரோஜா நிற ஈறு.

கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கத்தி சிரிக்குதுடி! கறுப்புச் சாயமாவது அடி."

"எதுக்கு அடிக்கணும்? நான் பல்லு செய்றவ. என் பொருள் இந்த நிறந்தான்."

மாதத்தின் கடைசி நாள் என்னையும் கூட அழைத்துப் போனார். "நடந்ததை நடந்தபடி சொல்ல ஒரு ஆள் வேணும்டி. நான் சொன்னா எங்க வீட்டுக்காரர் பாதியைக் கழிச்சுட்டுத்தான் நம்புவார்."

முதலாளி ஒரு தாளை எடுத்துக் கத்தியை வைத்தார். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தாள் இரண்டானது. புருவம் உயர்ந்தது. பிறகு பிடியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, கையிலயே உக்கார மாட்டேங்குது?"

"ஒருத்தர் வாய்க்குச் செஞ்ச செட்டு இன்னொருத்தர் வாயில உக்காருமா? என் கைக்குச் செஞ்சது சார் அது."

"விரல் இன்னும் மடங்கலையேம்மா."

"மடங்கலை. மடங்காமத்தான் இதைச் செஞ்சேன்."

"நாளைக்கு அந்தப் பையன் வந்துருவான். வரச் சொல்லிட்டேன்."

"வரட்டுமே. வாசல்ல தொலைபேசி இருக்கு. நல்ல நாற்காலி, காத்தும் வரும்."

உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த தட்டில் அன்று காலை வந்த வாய் அச்சுகள் வரிசையாக இருந்தன. பல்லக்கா தன் பழைய மேசையின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கையை முதலாளியை நோக்கி நீட்டி, உள்ளங்கையை விரித்தார். முதல் அச்சை அவர் எடுத்துத் தரும் வரை அந்தக் கை இறங்கவில்லை.