செங் இறால் தொழிற்சாலையில் ஒரு பெரட்டு

காளியம்மாவுக்குத் தன் மூக்கின்மீது அப்படியொரு கர்வம். மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினாறு வருடம் பால் ஸ்டோரில் இருந்தவள். ரப்பர் பால் உறைந்துவிடாமல் அமோனியா ஊற்றுவது அவள் வேலை. தோட்டம் கைமாறியதும், 1995இல் செங் என்ற ஊரில் இறாலை ஐஸில் உறையவைக்கும் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தாள். குளிரூட்டும் குழாய்களில் அங்கேயும் ஓடியது அதே அமோனியாதான்.

அதனால், புதிதாகச் சேர்ந்த தாரணி நெடி அடிக்கிறது, கண் எரிகிறது என்று சொன்னபோது காளியம்மா சிரித்தாள். டவுன்காரிக்கு மூக்கை மெழுகில் செய்து வைத்தார்களா என்று கேலி பேசினாள். தோட்டத்திலிருந்து வந்த மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அதன்பிறகு மூன்று வாரம் தாரணி வாயே திறக்கவில்லை.

சன்னாசிமலைத் திருவிழாவுக்கு நான்கு நாள் லீவு போட்டுவிட்டு வந்த காளியம்மா, உள்ளே கால் வைத்ததும் திகைத்தாள். நெடி பளாரென்று அறைந்தது. இத்தனை நாள் தன் மூக்கு பழகி மரத்துப் போயிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. குழாய் வால்வு ஒன்றில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சாக்குக்குக் கீழே துருப்பிடித்த இரும்பு பொரிந்து உதிர்ந்தது.

சூப்பர்வைசர் ஹரிதாஸ் நல்லவன்தான், மேலிடம் என்றால் மட்டும் தொடை நடுங்கி. வால்வைப் போன வருடமே மாற்றியிருக்க வேண்டுமாம். ஏற்றுமதிக் கண்டெய்னர் போகட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். கையைப் பிசைந்தான்.

காளியம்மா அவனோடு மல்லுக்கட்டவில்லை. வெளியே கேட் பக்கம் போய் நின்று, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் குரலில் ஒரு சத்தம் போட்டாள்.

“பெரட்டு! எல்லாரும் வந்து நில்லுங்க!”

விடியலில் பெரட்டுக்குப் பேர் கூப்பிடும்போது வரிசையில் இல்லாவிட்டால் அன்றைய வேலை போச்சு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். மூளை யோசிப்பதற்குள் கால்கள் நடந்துவிட்டன. இறாலைப் போட்டது போட்டபடி வந்து நின்றார்கள். மலாய்ப் பெண்களும் என்னவோ ஏதோவென்று பின்னாலேயே வந்தார்கள். ஹரிதாஸும் தோட்டத்தில் பிறந்தவன். வரிசையின் கடைசியில் வந்து நின்ற பிறகுதான், தான் சூப்பர்வைசர் என்பதே அவனுக்கு ஞாபகம் வந்தது.

உள்ளே போங்கள் என்று அவன் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வால்வு பிய்த்துக்கொண்டது. வெள்ளைப் புகை கதவு வழியே குபுகுபுவென்று வந்தது. உள்ளே ஒரு ஈ காக்காய் இல்லை.

இரண்டே நாளில் புது வால்வு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, வேலையைத் தொடங்கலாம் என்று மேனேஜரே வந்து சொன்னார். கேட் பக்கம் நின்ற யாரும் அசையவில்லை. காளியம்மா எல்லோர் முன்னாலும் தாரணியின் கையைப் பிடித்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

“என் மூக்கு செத்துப்போச்சும்மா. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும், தப்பு என்னோடதுதான்லா. நீ போய் மோந்து பாத்துட்டு வா. நீ சரின்னா நாங்க போறோம்.”

தாரணி உள்ளே போய் நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் வந்து தலையாட்டும்வரை மேனேஜரும் வெயிலில்தான் நின்றார்.