புகை வாசம் போக்கும் தண்ணீர்

மற்ற வீடுகளில் பிள்ளையைப் பார்த்துப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள். தெரேசா முகர்ந்து அனுப்புவாள். விடியற்காலைப் பெரட்டுக்குப் போய்த் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டிய அவசரத்திலும் மகள் ஜெரோமியை வாசலில் நிறுத்தி, முதலில் சட்டைக் காலரில் மூக்கை வைப்பாள், அப்புறம் பின்னலில், அப்புறம் புத்தகப் பையின் வாரில். எங்கேயாவது புகை வாசம் ஒட்டியிருந்தால் பிள்ளை படி இறங்க முடியாது. பஸ் போனால் போகட்டும், வாசம் போயாக வேண்டும்.

றொசல்லைக்கு மேலே, மலைச்சரிவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற அந்த லயத்தில் புகைக்கென்று தனி வழி எதுவும் கட்டி வைக்கவில்லை. ஒற்றை அறையாக ஒரு காம்பரா, அதன் பின்னால் சமைக்க ஒரு குசினி. அடுப்பு மூட்டினால் புகை முதலில் ஆட்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் வெயில் என்பது அடுத்த ஊர்ச் சங்கதி. அடுப்புக்கு மேலே கம்பி கட்டி, அதில்தான் பிள்ளையின் வெள்ளைச் சட்டையையும் காயப்போட வேண்டும். சட்டை காய்ந்துவிடும். ஆனால் விறகுப் புகையை வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் இறங்கும்.

இதெல்லாம் யாருக்கும் ஒரு விஷயமாக இருந்ததில்லை. ஜெரோமி புலமைப்பரிசில் பரீட்சையில் தேறி, ஹட்டனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் விஷயமானது. முதல் வாரமே பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, "லயத்து வாசம்" என்று சொல்லி வேறு மேசைக்கு மாறிவிட்டாள். அந்தப் பிள்ளையின் தகப்பன் எந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் என்பது தெரேசாவுக்கு நன்றாகவே தெரியும். டவுனில் ஒரு மாடி ஏறிவிட்டால் மூக்கும் கூடவே ஏறிவிடுகிறது, வேறென்ன?

அன்றைக்கு ஜெரோமி சாப்பிடவில்லை. சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, நம்ம மேல நாத்தம் அடிக்குதாம்மா?"

தெரேசா மூலையில் கிடந்த சட்டையை எடுத்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுப்பு எரிகிற வீட்டில் அடுப்பு வாசம்தான் இருக்கும், அதற்கு நாற்றம் என்று பேர் வைத்தவளின் வாயைக் கழுவு என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது வேறு.

"அம்மா போக்கிர்றேன். நீ அழுவாத."

போக்குவதற்கு ஒரு வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்துரை பங்களாவில் கொஞ்ச காலம் வேலைக்கு நின்றபோது, அவர் மனைவி துரைச்சானி முகத்துக்குப் போட ரோசாத் தண்ணீர் இறக்குவதைப் பார்த்திருக்கிறாள். பெரிய அலுமினியப் பானையின் நடுவில் ஒரு கல், கல்லின் மேல் ஒரு கோப்பை, கோப்பையைச் சுற்றி இதழும் தண்ணீரும். மூடியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் மலையிலிருந்து குழாய் வழியாக விழும் பீலித் தண்ணீரை ஊற்ற வேண்டும். அடியில் சின்னத் தீ. ஆவி மேலே போய்க் குளிர்ந்த மூடியில் பட்டு, சொட்டுச் சொட்டாகக் கோப்பைக்குள் விழும். மூடி மேலே தண்ணீர் சூடாகச் சூடாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மலை நாட்டில் எது இல்லாவிட்டாலும் குளிர்ந்த தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

ரோசாவுக்குத் தெரேசா மாதா கோயிலைப் பிடித்தாள். முற்றத்தில் மாதா சுருவம் நிற்கிற கற்குகைக் கெபியில் சாத்திய பூக்கள் வாடியதும் குப்பைக்குப் போகும், அதை மடியில் கட்டி எடுத்து வருவாள். பீலிக்கரையில் எலுமிச்சைப்புல் ஒரு புதர் வைத்தாள். காற்றைத் தடுக்க நட்டிருக்கும் டர்பன்டைன் மரத்தின் இலை வேண்டிய மட்டும் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. டர்பன்டைன் தண்ணீரை வாளியில் கலந்து சிமெந்துத் தரையைத் துடைத்தால் ஈர நாற்றம் போகும். எலுமிச்சைப்புல் தண்ணீரைத் தெளித்துச் சட்டையை அயன் பண்ணினால், சூட்டோடு வாசம் நூலுக்குள் இறங்கிவிடும். ரோசாத் தண்ணீர் முகத்துக்கும், தலை அலசிய பிறகு கடைசியில் ஊற்றவும். அதை மகளுக்கு மட்டும் வைத்திருந்தாள். கொழுந்து பறித்துப் பறித்துத் தன் விரல்கள் வெடித்துக் கறுத்துக் கிடந்தபோதும் அதில் ஒரு சொட்டு அவள் தொட்டதில்லை.

"மகள என்னா, மாதா சுருவத்துக்குப் பக்கத்துலயா வைக்கப் போற?" என்று பக்கத்துக் காம்பராக் காளியாயி கேலி செய்வாள்.

தண்ணீரோடு சட்டங்களும் வந்தன. குசினிப் பக்கம் வராதே. என் போர்வையை மூடாதே. பள்ளிக்கூடச் சட்டையோடு என் மேல் விழாதே. இங்கிலீசுப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய அன்று ஜெரோமி பஸ்ஸை விட்டு இறங்கி மலைப்பாதை முழுக்க ஓடி வந்தாள். தெரேசா கொழுந்தை எடை போட்டுவிட்டு அப்போதுதான் கூடையை இறக்கி வைத்திருந்தாள். பிள்ளை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்த வேகத்துக்கு, தெரேசா பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராத. ஒட்டிரும்."

பிள்ளை நின்றுவிட்டது. பரிசைத் தூரத்தில் இருந்தே காட்டியது. தெரேசாவும் தூரத்தில் இருந்தே சிரித்தாள். தாயும் மகளும் அதற்குப் பழகிவிட்டார்கள்.

புருசன் அமிர்தநாதன் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன். மாதம் ஒரு தடவை வந்து, பிறகு கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மட்டும் வந்து, பிறகு நத்தாரையும் மறந்துபோனான். ஒற்றை ஆளாக இழுத்துப் பிடித்துத்தான் தெரேசா மகளைப் படிக்கவைத்தாள். ஜெரோமி ஆசிரியையானாள், ஹட்டனிலேயே வேலை கிடைத்தது. வங்கி அதிகாரி ஆரூரனைக் கட்டிக்கொண்டாள். யாழ்ப்பாணத்துப் பையன், மரியாதையான பையன். தெரேசாவைக் கண்டால் எழுந்து நிற்பான். கல்யாணத்துக்குப் பிறகு ஜெரோமியின் வாயில் 'வாங்க' என்பது 'வாங்கோ' ஆனது. தெரேசா அதையும் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தாள்.

மகள் முழுகாமல் இருந்தபோது ஒரு நாள் போனில் சொன்னாள்.

"நான் திரும்ப ஸ்கூலுக்குப் போறப்ப நீங்கதாம்மா வந்து புள்ளயப் பாத்துக்கணும். வேற யாரை நம்புறது?"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தெரேசா இத்தனை வருசம் மலை ஏறி இறங்கினாள் என்றே சொல்லலாம். மகளைத் தான் சரியாக மடியில் வைத்துக் கொஞ்சவில்லை என்ற குறை அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. பேரப்பிள்ளையை ஆசை தீர வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பேத்தி பிறந்து, துடக்குக் கழிந்ததும் வரச்சொல்லித் தகவல் வந்தது. தெரேசா நேராக வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு கணேசமூர்த்தியிடம் போய், நிரந்தர வேலையாட்களின் பேரேடான செக்ரோலில் இருந்து தன் பேரை வெட்டச் சொன்னாள்.

"வெட்டுனா திரும்ப எழுதுறது லேசில்ல. யோசிச்சீங்களா?" என்றார் அவர்.

"திரும்பி வர்றதுக்கு என்னாங்கய்யா இருக்கு? எம் பேத்திய வளக்கப் போறேன்."

போகிற நாளன்று விடியற்காலையிலேயே பீலியில் தலை முழுகினாள். பல் கிட்டித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ரோசாத் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். டிரங்குப் பெட்டியில் இருந்த கல்யாணத்துச் சேலையை எடுத்து, எலுமிச்சைப்புல் தண்ணீர் தெளித்து அயன் பண்ணிக் கட்டினாள். காளியாயியைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கவும் சொன்னாள்.

"கோயில் மாதிரி மணக்குற. போயிட்டு வா" என்றாள் காளியாயி.

ஹட்டன் வீட்டில் சம்மந்தி சரோஜாதேவி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். இந்த அம்மாதான் தன்னைத் தள்ளி வைக்கப் போகிறாள் என்று தெரேசா வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்திருந்தாள். அந்த அம்மாவோ தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பேச்சுக்கு நடுவில் தொட்டிலில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து முகத்தில் வைத்து முகர்ந்துவிட்டு ஜெரோமியிடம் கேட்டாள்.

"நான் வந்த நாளிலையிருந்து கேக்கோணும் எண்டு இருந்தனான். இந்த உடுப்பெல்லாத்திலையும் என்ன நல்ல மணம்! எங்கை பிள்ளை வாங்கினனீ?"

தெரேசாவின் முகம் மலர்ந்தது. வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் ஜெரோமி முந்திக்கொண்டாள்.

"கண்டியில ஒரு கடையில மாமி. லேபிள் ஒட்டின போத்தல்ல வரும்."

தெரேசா தன் பைக்குள் இருந்த இரண்டு போத்தல்களையும் காலால் மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். பிள்ளை என்னவோ காரணத்துக்குச் சொல்கிறாள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். நாமெல்லாம் இதில் கெட்டிக்காரர்கள்.

பிறகு பேத்தியைக் கையில் கொடுத்தார்கள். சூடான, சின்னஞ்சிறு பாரம். குழந்தை ஒரு தடவை சிணுங்கிவிட்டு அவளுடைய நெஞ்சில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனது. தெரேசாவின் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஜெரோமி வந்து, "தாங்கம்மா, பால் குடுக்கணும்" என்று வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. தெரேசா பார்த்தாள். ஜெரோமி பால் கொடுக்கவில்லை. குழந்தையின் கழுத்தடியில் மூக்கை வைத்தாள், அப்புறம் தலையில், அப்புறம் சுற்றியிருந்த துணியின் ஓரத்தில். வாசலில் நின்று பெரட்டு அவசரத்தில் தெரேசா செய்த அதே வரிசை. துணியை உருவித் தரையில் போட்டுவிட்டு, லேபிள் ஒட்டிய போத்தலை எடுத்து வேறு துணியில் தெளித்துக் குழந்தையைச் சுற்றினாள். போத்தலுக்குள் இருந்தது கல்யாணத்துக்குப் பிறகும் தெரேசா அனுப்பி வந்த தண்ணீர்தான்.

திரும்பியவள் தாயைக் கண்டுவிட்டாள். முகம் ஒரு கணம் வாடியது.

"தப்பா நெனக்காதீங்கம்மா. நீங்க குளிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க, தெரியும். ஆனா இருக்கு. ஒங்களுக்குத் தெரியாது. புள்ளைக்கு ஒட்டிரும்."

தெரேசா குனிந்து, தரையில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள்.

"மாமி இன்னும் கொஞ்ச நாள் நிப்பாங்க. அதுக்கப்புறம் புள்ளயப் பாக்க டவுன்லயே ஒருத்தர வரச்சொல்லியிருக்கோம். நீங்க பட்ட கஷ்டம் போதும்மா. வீட்டுல நிம்மதியா இருங்க."

பட்ட கஷ்டம் போதுமாம். ஒரு ஆளை வேண்டாம் என்பதற்கு எவ்வளவு மரியாதையான சொல்லெல்லாம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்! தெரேசாவுக்கு ஆத்திரம் நெஞ்சு வரை வந்தது. மகளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் என்னவென்று கேட்பது? அந்த மூக்கை அவளுக்கு யார் கொடுத்தது? தினமும் வாசலில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்த பாடம். பிள்ளை நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஒரு எழுத்தும் மறக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது சேலைத் தலைப்பை முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சைப்புல் வாசம் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் பெரட்டில் போய் நின்றாள். கணேசமூர்த்தி எதையும் குத்திக் காட்டவில்லை. "செக்ரோல்ல இப்ப முடியாது. கைக்காசு வேலைக்கு வேணும்னா வாங்க" என்றார். அன்றாடம் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை என்கிற வேலை அது. தெரேசா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அம்மா, மாமி ஊருக்குப் போறாங்க. அந்தத் தண்ணி ரெண்டு போத்தல் வேணுமாம், கொண்டுபோக. ஜூட்சன் ஆட்டோவுல குடுத்து விட்டுருங்க."

"நீ கண்டிக் கடைன்னு சொன்னியேம்மா?"

 அந்தப் பக்கம் பேத்தி எங்கோ சிணுங்குவது கேட்டது.

"நான் லேபிள் போத்தல்ல ஊத்திக்கிறேம்மா."

தெரேசா முடியாது என்று சொல்லியிருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் "சரி" என்றாள். பானையைக் கழுவி, கல்லையும் கோப்பையையும் வைத்தாள். கெபியில் இருந்து எடுத்து வந்த பூவை உதிர்த்துப் போட்டு அடுப்பை மூட்டினாள். விறகு ஈரம். புகை குசினியை நிறைத்துக்கொண்டு காம்பராவுக்குள் போனது. அந்தப் புகைக்குள் குந்தியிருந்து ஊதி ஊதி, இருமி, கண்ணைத் துடைத்து, மூடியில் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தாள். இத்தனை வருசமாக அந்தத் தண்ணீர் இப்படிப் புகையில் இருந்துதான் இறங்கி வந்தது. அந்த வீட்டில் அதிகமாகப் புகை குடித்தது அவள்தான். போத்தலை மூடும் முன் பழக்க தோசத்தில் முகர்ந்து பார்த்தாள். ரோசா வாசம் சுத்தமாக இருந்தது, புகையின் சாயலே இல்லை.

ரோட்டில் ஜூட்சன் ஆட்டோவை நிறுத்தி, போத்தல்களை வாங்கி முன்னால் பத்திரமாக வைத்தான். கீழ் லயத்துப் பையன், மனசு நல்லவன். பின்சீட்டில் கிடந்த சாக்கை எடுத்து அவளுக்காக இடம் பண்ணினான்.

"சும்மாதானே போகுது ஆட்டோ, ஏறுங்கம்மா. பேத்தியத் தூக்கிக் கொஞ்சிட்டு என்கூடயே திரும்பிரலாம்."

தெரேசா ஆட்டோவை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"வேணாம் தம்பி. தண்ணி மட்டும் போகட்டும்."