ஐவராலும் முடியாது

பலூன் அக்காவுக்கு வாய் ஓயாது. பலூன் என்றால் காற்றடிக்கிற பலூன் இல்லை. சித்திரக்கதையில் ஆட்கள் பேசுவதை ஒரு வட்டம் போட்டு அதற்குள் எழுதியிருப்பார்களே, அந்த பலூன். எங்கள் பத்திரிகையில் பதினேழு வருஷமாக அதை நிரப்புகிறவள் அவள்தான். படம் போடுகிறவன் நான். என் படத்தில் ராட்சதன் வாயைப் பிளந்துகொண்டு சும்மா நிற்பான். அக்கா எழுதினால்தான் கர்ஜிப்பான். இதை இத்தனை நாள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, இப்போது சொல்லித் தொலைக்கிறேன்.

முன்பு கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தாள். ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்ததும் எங்களிடம் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு வசனத்தையும் அந்தந்த ஆளின் குரலில் சொல்லிக்கொண்டேதான் எழுதுவாள். வீரன் என்றால் நெஞ்சை நிமிர்த்துவாள், பேய் என்றால் மூக்கால் இழுப்பாள். கீழே அச்சு இயந்திரம் போடுகிற இரைச்சலையும் மீறி மாடி முழுக்கக் கேட்கும். "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு எழுதேன்க்கா" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! "வாயை மூடினா கை ஓடாதுடா" என்பாள்.

அப்பேர்ப்பட்டவள் அந்த வியாழக்கிழமை காலையிலிருந்து வாயே திறக்கவில்லை.

அன்று மூன்று மணிக்கு 'ஐவர் அணி'யின் கடைசி இதழ் அச்சுக்குப் போக வேண்டும். ஐந்து வீரர்கள் பதினோரு இதழாக மலைவிழுங்கி என்கிற ராட்சதனோடு மோதிக்கொண்டிருந்தார்கள். நெருப்பைக் கக்கினார்கள், குடித்தான். இடியை எறிந்தார்கள், மென்றான். கடலில் தள்ளினார்கள், குளித்துவிட்டுத் தெம்பாக வந்தான். பன்னிரண்டாம் இதழில் அவன் விழுந்தாக வேண்டும். எப்படி என்பது எழுதுகிற கதைக்காரருக்கே தெரியவில்லை. முதல் இதழிலேயே மலைவிழுங்கி தான் வாங்கிய வரத்தைச் சொல்லி மார்தட்டிவிட்டான்: "எவராலும் என்னைத் தடுக்க முடியாது!" எவராலும் என்றால் எவராலும்தான். ஏதாவது பூசி மெழுகி முடித்தால் வாசகர்கள் எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள்.

முதலாளியம்மா மாடிக்கே வந்து கதவோரம் நின்றார். "மூணு மணிக்குள்ள அவன் விழுந்தாகணும். இல்லன்னா கடைசிப் பக்கத்துல உங்க மூணு பேர் போட்டோவைப் போட்டு, இவங்கதான் காரணம்னு எழுதிடுவேன்."

கதைக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். "பூகம்பம் வச்சா?"

"ஆறாம் இதழ்ல வச்சாச்சு சார்" என்றேன்.

"விஷம்?"

"ஒன்பதுல குடுத்தோம். ஏப்பம் விட்டான்."

அப்போதுதான் அக்கா எழுந்தாள். அலமாரியிலிருந்து முதல் இதழை உருவிக் கதைக்காரர் முன்னால் விரித்தாள். "சார், அவன் வரத்தைப் படிங்க."

"எவராலும் என்னை…"

"கண்ணைத் திறந்து படிங்க சார்."

எட்டிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஐவராலும் என்னைத் தடுக்க முடியாது!' என்று இருந்தது.

கதைக்காரர் எழுதிக் கொடுத்தது 'எவராலும்'தான். பக்கத்துக்குப் பக்கம் ஐவர், ஐவர் என்று எழுதி வந்த அக்காவின் கை, அந்த ஓட்டத்தில் 'எ'வை 'ஐ' ஆக்கிவிட்டது. ஐந்து பேர் சேர்ந்தாலும் முடியாது என்று அதற்கும் பொருள் வருவதால் பிழை திருத்துகிறவர் உட்பட யார் கண்ணிலும் படவில்லை. அக்கா மட்டும் இதழ் வந்த வாரமே பார்த்துவிட்டாள். பார்த்து, மென்று விழுங்கிவிட்டாள். காரணம் இருந்தது. அச்சில் ஓர் எழுத்து பிசகினால் எழுதியவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது முதலாளியம்மாவின் சட்டம். அக்காவுக்கு முன்னால் இருந்தவர் ஒரேயொரு ஒற்றைக் கொம்பை விட்டதற்காகப் போனவர். அக்காவின் கணவர் இடுப்பெலும்பு முறிந்து மூன்று வருஷமாக வீட்டில் இருக்கிறார். மகள் பத்தாவது படிக்கிறாள். மொத்தக் குடும்பமும் இவள் பேனா முனையில் நின்றது.

"இத்தனை மாசமா மறைச்சியா?" முதலாளியம்மாவின் குரல் கூர்மையாக வந்தது.

"ஆமாம்மா. வேலை போயிடுமேன்னு பயம்."

"இப்ப மட்டும் ஏன் சொல்ற?"

அக்கா அந்த வரி மேல் விரலை வைத்தாள். "அஞ்சு பேராலதான் முடியாதுன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான்மா. அப்ப ஆறு பேரால முடியும்ல? அது தெரிஞ்சும் நான் கம்முனு உட்கார்ந்திருந்தா, நம்பிப் படிக்கிற புள்ளைங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

கதைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஆறாவது ஆள்! அடடா! யாரைக் கொண்டுவரலாம்? வேற கிரகத்து இளவரசன்?"

"இளவரசனும் வேணாம், ஒரு வெங்காயமும் வேணாம்" என்றாள் அக்கா. "ஒவ்வொரு இதழ்லயும் கூட்டத்துல ஒரு பொம்பளை பையைக் கீழ போட்டுட்டு 'ஐயோ'ன்னு அலறுவா பாருங்க. இதுவரைக்கும் அவளுக்கு வேற ஒரு வார்த்தை நான் எழுதினதில்ல. எழுதி எழுதி எனக்கே வெறுத்துப்போச்சு. அவளை இறக்குங்க."

எனக்குச் சுருக்கென்றது. சோம்பேறித்தனத்தில் அதே பெண்ணை இதழுக்கு இதழ் பிரதி எடுத்து ஒட்டியவன் நான்தான்.

முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "முதல்ல வேலையை முடிங்க. உன் விஷயத்தை அப்புறம் வச்சுக்கறேன்."

போட்டேன் பாருங்கள் படம்! பதினெட்டு வருஷத்தில் என் கை அப்படி ஓடியதில்லை. அந்தப் பெண் பையைக் கீழே போடாமல் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வருகிறாள். கீழே விழுந்து கிடக்கும் வீரனைத் தூக்கி நிறுத்தி அவன் கையைப் பிடிக்கிறாள். ஆறு பேரும் கைகோக்கிறார்கள். மலைவிழுங்கியின் முஷ்டி அந்தரத்தில் நின்றுவிடுகிறது. "நீங்கள் ஐவர்தானே?" என்று முதல் தடவையாக அவனுக்கு நாக்குக் குழறுகிறது. அவள் சொல்கிறாள்:

"எண்ணிப் பாருடா!"

அக்கா அதை எழுதும்போது போட்ட கத்தலில் கீழே இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் மேலே ஓடி வந்தார்கள். எழுத்து பலூனைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அடுத்த படத்தில் மலைவிழுங்கி மல்லாந்து விழுந்தான். ஓடி வந்தவர்கள் கை தட்டினார்கள். மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

இதழ் சனிக்கிழமையே எல்லாக் கடையிலும் தீர்ந்துவிட்டது. பேருந்தில், பள்ளிக்கூட வாசலில், எங்கே பார்த்தாலும் "எண்ணிப் பாருடா!" அக்காவுக்கு மட்டும் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். மேஜை மேல் முதல் இதழ் விரிந்து கிடந்தது.

"எல்லாரும் இதைக் கேக்கறாங்க. மறுபடி அச்சடிக்கப்போறேன்."

அக்கா தலையைக் குனிந்தாள். "அந்த ஒரு எழுத்தைத் திருத்திக் குடுத்துட்டுப் போயிடறேன்மா."

"திருத்துவியா?" முதலாளியம்மா இதழைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதுல கைய வச்சுப் பாரு, அன்னிக்குத்தான் உன்னை வீட்டுக்கு அனுப்புவேன்."