கம்பிக்குக் கீழே பூச்சியம்

விளக்குமாறு பிடித்துக் கூட்டுகிற கீரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போன திங்கட்கிழமை, கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், அப்படி ஒன்று இருக்கிறதென்றே நம்பிவிட்டேன்.

என் வேலை அப்படி. மலைமேல் போகும் மின்கம்பிகளில் மோதி எத்தனை பறவைகள் சாகின்றன என்று கணக்கிட வேண்டும். கம்பிக்குக் கீழே நடப்பது, செத்துக் கிடப்பதை எண்ணுவது. எண்ணிக்கை கூடினால் பறவைகள் கண்டு விலக, கம்பியில் கலர் வளையம் மாட்டுவார்கள். பூச்சியம் என்றால் வளையம் கிடையாது... பறவைகள் மோதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான்கு திங்கட்கிழமைகள் நடந்தேன். நான்கும் பூச்சியம். ஓர் இறகுகூட இல்லை. இன்னும் இரண்டு திங்கட்கிழமைதான் பாக்கி.

நாயும் கீரியும் தூக்கிப்போகின்றனவோ? அதைப் பார்க்கவும் ஒரு முறை உண்டு — செத்த கோழிக்குஞ்சுகளை நாமே போட்டுவிட்டு, எத்தனை மிஞ்சுகிறது என்று பார்ப்பது. பண்ணையில் கெஞ்சிப் பத்துக் குஞ்சு வாங்கி, ஞாயிறு மாலை போட்டுவிட்டு வந்தேன். (பட்டம் வாங்கிய பிள்ளை செத்த கோழியோடு பஸ் ஏறியதை அம்மாவிடம் சொல்லவில்லை.)

மறுநாள் காலை? ஒரு குஞ்சும் இல்லை. மண்ணில் விளக்குமாற்றுக் கோடுகள்!

கழிவுநீர் ஓடும் கான் ஓரம் தெய்வானை அக்கா நின்றிருந்தார். தோட்டத்தில் துப்புரவு வேலை செய்பவர்.

“அக்கா, இங்க செத்த குருவி ஏதும்...”

“ஒண்ணும் கெடக்காது சார்! திங்களானா நீங்க செக் பண்ண வர்றீங்கன்னு வெள்ளனவே கூட்டிருவேன். கொக்கு, ஆந்த எல்லாத்தையும் பொதச்சிருவேன். நேத்து எவனோ எடுபட்ட பய கோழிக்குஞ்ச வேற கொட்டிட்டுப் போயிருக்கான்!”

எடுபட்ட பயல் தலையைக் குனிந்துகொண்டான்.

அவரை என்ன சொல்ல? தோட்டத்துத் துரை வருகிறார் என்றால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கானைக் கழுவிவிட்டுத்தான் என் அப்பாவும் நிற்பார். எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் படித்து, கடைசியில் நானும் துரையாகிவிட்டேனா?

“நானும் லயத்துப் புள்ளதான்க்கா. கெடக்குறது கெடந்த எடத்துலயே கெடக்கட்டும். இல்லாட்டி இங்க குருவியே சாகலன்னு எழுதிருவாங்க.”

“அட, மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி? வாய் வலிக்க சார் சார்னு கூப்பிட்டேனே!”

இந்தத் திங்கள், கடைசி நடை. கம்பிக்குக் கீழே சீமெந்துச் சாக்கு விரித்து, ஒரு கொக்கு, ஓர் ஆந்தை, இரண்டு மைனா — உயர வரிசையில், கழுவித் துடைத்து.

“அக்கா...!”

“கோவிக்காதீங்க தம்பி. மண்ணுல போட்டு வைக்க மனசு வரல. கெடந்த எடத்துலயெல்லாம் குச்சி நட்டிருக்கேன். முந்திப் பொதச்ச எடமும் தெரியும். தோண்டுவமா?”

தோண்டினோம். எண்ணினோம். பூச்சியம் ஒழிந்தது.

படிவத்தில் ‘உடல்கள் காணாமல் போன காரணம்’ என்று ஒரு கட்டம். ‘மரியாதை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.