அசையாமல் இருந்த அரை மணி நேரம்

2009-ஆம் ஆண்டு, மழைக்காலம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுக்குள் நடந்தது இது. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை, செம்மண்டலத்தில் வீடு. என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. மனு கொடுக்க வந்தவர் பதில் சொல்லக் கொஞ்சம் யோசித்தால் போதும், என் பேனா மேஜையை டக் டக்கென்று தட்டத் தொடங்கிவிடும். இந்தக் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காதா என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வருடம் புதிதாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தேன். எதைப் பார்த்தாலும் படம்தான். மனைவியின் தம்பி பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். காட்டுக்குள் ஓரிடத்தில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வந்து தங்கியிருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னான். விடுவேனா? அந்தச் சனிக்கிழமையே மாமனார் வீட்டில் போய் இறங்கிவிட்டேன். மத்தியானம் தனக்குப் படகு நடை இருக்காது, நல்ல வெயிலில் போகலாம் என்றான் மச்சான். பறவை பார்க்கிறவர்கள் எல்லாம் விடியலில்தானே போகிறார்கள் என்று என் மேதாவித்தனத்தைக் காட்டி, காலை ஆறு மணிக்கே அவனைக் கிளப்பினேன். எட்டு மணிக்குப் படகுத்துறையில் அவனுக்கு முதல் நடை. அதற்குள் திரும்பிவிடலாம் என்று மாமனார் வீட்டுப் படகில் புறப்பட்டோம்.

இரவு தூறியதில் காற்று சில்லென்று இருந்தது. வாய்க்கால் குறுகிய இடத்தில் மச்சான் துடுப்பைப் படகுக்குள் வைத்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். அந்த இடத்தில் படகுக்காரர்கள் யாருமே துடுப்புப் போடுவதில்லையாம். தில்லை மரத்தைத் தொடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று மட்டும் மெதுவாகச் சொன்னான்.

தலைக்கு மேலே ஒரு தில்லைக் கிளை முழுக்கக் காய்ந்த இலைகள் தொங்கின. உற்றுப் பார்த்தால் அத்தனையும் பட்டாம்பூச்சிகள். அம்மாடி, எத்தனை! எல்லாம் இறக்கையை மூடிக்கொண்டு, ஒன்றை ஒட்டி ஒன்றாகத் தொங்கின. உள்பக்கத்து நீலம் வெளியே தெரியவே இல்லை. பறந்தால் படம் எப்படி இருக்கும்! மரத்தைத் தொடக்கூடாது என்றுதானே சொன்னான்? மச்சான் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், துடுப்பை எடுத்து அந்தக் கிளையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

ஒன்றுகூடப் பறக்கவில்லை. பொலபொலவென்று தண்ணீரில் கொட்டின.

மச்சான் திரும்பிப் பார்த்தான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அதற்குக்கூட அவனுக்கு நேரமில்லை. தண்ணீருக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, ஒவ்வொன்றாக ஏந்தி எடுத்தான். ஈரத்தோடு மரத்தில் வைத்தால் பிடிமானம் இல்லாமல் திரும்ப விழுந்துவிடும். அதனால் எடுத்ததையெல்லாம் என் சட்டையில் ஒட்டவைத்தான். நெஞ்சில், தோளில், கையில். இடமில்லாமல் போனதும் தன் தலைத்துண்டில் வைத்துக்கொண்டான். பிறகு வெயில் முதலில் வந்து விழும் இடத்துக்குப் படகைத் தள்ளிக்கொண்டு போனான்.

"அசையாதீங்க மாமா. சூடு ஏறுனாத்தான் அதுங்களுக்கு ரெக்க வேலை செய்யும். அதுவரைக்கும் தட்டுனாலும் ஒண்ணுதான், திட்டுனாலும் ஒண்ணுதான்."

நான் அசையவில்லை. கேமரா கழுத்தில்தான் தொங்கியது. கையைத் தூக்கினால்தானே படம்? மூக்கு அரித்தது, பொறுத்துக்கொண்டேன். அந்தச் சின்னஞ்சிறு கால்கள் சட்டையைத் தாண்டித் தோலைப் பற்றியிருந்தது தெரிந்தது. பிழைக்குமா, பிழைக்காதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மச்சானுக்கு எட்டு மணி நடை போயே போய்விட்டது. அவனோ தலையில் பூச்சிகளோடு தண்ணீரிலேயே நின்றான்.

வெயில் மரங்களுக்கு மேலே வந்தது. முதலில் என் முழங்கையில் இருந்தது இறக்கையை விரித்தது. கறுப்பில் வெளிர்நீலக் கோடுகள். நடுங்கிற்று, மூடிற்று, மறுபடி விரித்துப் பறந்தே போய்விட்டது. பின்னாலேயே நெஞ்சிலிருந்து, தோளிலிருந்து, மச்சானின் தலையிலிருந்து என்று எல்லாம் கிளம்பின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்து, "இப்ப மூக்கச் சொறிஞ்சிக்குங்க மாமா" என்றான்.

மூன்று மட்டும் பறக்கவில்லை. அவை செத்தது என்னால்தான். துடுப்புத் தொழில் இன்னும் எத்தனை நாளைக்கு என்று நான் கிண்டல் செய்து வந்த மச்சான்தான் மீதியைக் காப்பாற்றினான். அவனிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு அவன் தொழிலைக் கிண்டல் செய்ய நான் வாய் திறந்ததில்லை. அந்தப் பூச்சிக்கு நீல வரியன் என்று பெயர் என்பதைப் பிற்பாடு ஒரு புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் கடற்கரைக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா மனுவோடு வந்து, என்ன கேட்பதென்று தெரியாமல் என் மேஜை முன்னால் விழித்துக்கொண்டு நின்றார். பழக்கதோஷத்தில் பேனா மேஜைக்குப் போனது. சட்டென்று மூடிப் பையில் செருகிவிட்டு, உட்காரச் சொல்லிக் காத்திருந்தேன். வெயில் ஏறக் கொஞ்சம் நேரம் ஆகும் என்று எனக்குத்தான் தெரியுமே.