வாவிக்கு மேலால் போகும் நெட்

கம்ப்யூட்டர் நெட்வேர்க் துறையில் ஒரு சான்றிதழ் எடுத்தவனை அதோடு விடமாட்டார்கள். அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டே உயிரை வாங்குவார்கள். நான் முதல் சோதனையைப் பாஸ் பண்ணியதும், இன்னுமொன்றுக்கு அலுவலகமே பணம் கட்டும் என்றார்கள். ஒன்றே ஒன்று. அதையும் வருடம் முடிவதற்குள் பதிய வேண்டும்.

தோஹாவில் இருக்கும் மனைவியின் அண்ணன், நெட்வேர்க் செக்யூரிட்டி சோதனை எடுங்கள், எடுத்த கையோடு விசா அனுப்புகிறேன் என்றார். நானும் புத்தகம் வாங்கிவிட்டேன். பாஸ்போர்ட்டும் அலுமாரியை விட்டு வெளியே வந்து, கல்லடியிலுள்ள எங்கள் வீட்டு மேசையில் புத்தகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. எனக்கு உள்ளூரப் போக விருப்பமில்லை. சொல்லத்தான் வாய் வரவில்லை. மனைவியோ போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அது இன்னும் அந்தரமாக இருந்தது.

அவள் வேலை செய்வது வவுணதீவில், ஒரு கூட்டுறவுச் சங்கத்தில். நகரத்திலுள்ள எங்கள் நெட் கம்பனியின் கோபுரத்திலிருந்து வாவிக்கு மேலால், வயர் இல்லாமல்தான் அங்கே நெட் போகிறது. மாரி தொடங்கியதும் அது விழத் தொடங்கியது. மழைதான் காரணம் என்றோம். வெயில் எறித்த நாளிலும் விழுந்தது. மற்ற வாடிக்கையாளர்கள் போனில் திட்டுவார்கள். இவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருந்து கேட்டாள்.

"உலகத்துக் கள்ளனையெல்லாம் பிடிக்கப் படிக்கிறீங்க. முதல்ல எங்கட ஒபிசுக்கு நெட்டைக் குடுங்களன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரௌட்டரில் மாற்றக்கூடிய எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரு நாள் எல்லாம் சரியாகிவிட்டது. அலுவலகத்தில் கைகொடுத்தார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாவிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தேன்.

அவள் ஒரு பை இறாலோடு வந்தாள். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் ஏறினால், அது கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது இங்கே வழமை. இன்று விடிய வெட்டினார்களாம், கரையெல்லாம் இறாலாம். நான் இறாலை உரித்தபடியே என் வீரத்தை அளந்துகொண்டிருந்தேன். நெட் சரியானதும் இன்றுதானே என்று பாதியில்தான் உறைத்தது.

கையைக் கழுவிவிட்டு, போன வருட மாரியின் சிக்னல் பதிவுகளைத் திறந்தேன். அதே கதை. வாவி ஏற ஏற சிக்னல் விழுந்திருக்கிறது. முகத்துவாரம் வெட்டியதும் எழும்பியிருக்கிறது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் சிக்னல், நேரே போகும் சிக்னலோடு மோதி அதைக் கெடுத்திருக்கிறது. தண்ணீர் இறங்கியதும் தொல்லையும் போய்விட்டது. நான் ரௌட்டரைக் குடைந்ததெல்லாம் வீண். வெட்கப்பட வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் சோதனை பாஸானபோதுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அங்கேயே இருந்து, அலுவலகம் கட்டும் அந்த ஒன்றுக்கு, செக்யூரிட்டியை விட்டுவிட்டு வயர்லெஸ் சோதனையைப் பதிந்தேன். அவளிடம் சொன்னேன்.

"அப்ப தோஹா?"

"நான் போகல்ல."

அவள் கையைத் துடைத்துவிட்டு, மேசையில் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டாள். பிறகுதான், கறிக்கு உறைப்புக் கூட்டவா என்று கேட்டாள்.